பனிச்சரிவு என்ற ஒரே சொல் போதாது: ‘பாளச்சரிவு’ முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

மலையேற்றக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் கருவிகள் பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பனிக்கோடரி, தலைக்கவசம், இடுப்புப் பட்டை எல்லாம் ஒப்புக்கொண்டவை. காலணியின் அடியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பானைக் கிராம்பான் என்றே விடலாம் என்பதிலும் பெரிய மறுப்பு வரவில்லை. உத்தராகண்டின் உத்தரகாசியில் வாடகைக்கு எடுக்கப் போகிறவர் அந்தப் பெயரைச் சொன்னால்தான் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். தேங்கி நிற்பது ‘பனிச்சரிவு’ மட்டும்தான். கையேட்டில் உள்ள சொற்களிலேயே உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள சொல் இது என்பதால், அச்சுக்குப் போகும் முன் இதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் சிக்கல் சரிவு என்ற சொல்லிலேயே இருக்கிறது. அது சாய்ந்த நிலத்தையும் குறிக்கும், சரிந்து விழுவதையும் குறிக்கும். வரைவின் நான்காம் இயலில் இப்படி ஒரு வரி இருக்கிறது: “பனிச்சரிவில் குறுக்காக நடக்கும்போது கோடரியை மேட்டுப் பக்கத்துக் கையில் பிடிக்கவும்.” எழுதியவர் சொல்வது பனி மூடிய சாய்ந்த நிலத்தை. இரண்டு பக்கம் தள்ளி, “பனிச்சரிவில் சிக்கினால் கோடரியை விட்டுவிடவும்” என்று வருகிறது. இது மேலிருந்து வரும் பனியைப் பற்றியது. ஒரே சொல், இரண்டு கட்டளை, அதுவும் நேர் எதிரான கட்டளை. செய்தித்தாளில் இந்தக் குழப்பம் யாரையும் ஒன்றும் செய்யாது. கையேட்டில் செய்யும்.

இதற்குத் தீர்வு எளிது. நிகழ்வுக்குப் பனிச்சரிவு என்பது ஊரறிந்த பெயராகிவிட்டது, அதை மாற்ற வேண்டாம். நிலத்துக்குச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம்: பனிச்சாய்வு, 35 பாகைச் சாய்வு, காற்று மறைவுச் சாய்வு. ‘மழை மறைவுப் பகுதி’யைப் பள்ளிப் புவியியலில் படித்த எவருக்கும் காற்று மறைவு உடனே பிடிபடும். புதுச்சொல் தேவையே இல்லை.

இரண்டாவது சிக்கல்தான் பெரிது. மூன்று வேறு வேறு ஆபத்துகளை நாம் ஒரே பெயரால் அழைத்து வருகிறோம்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல் முகாம் புதைந்தது. சுமார் 19,600 அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேரை இழந்தோம், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். அங்கே முகாம்மேல் விழுந்தது இறுகிப்போன பனிக்கட்டிச் சுவர். 2021 பிப்ரவரி 7 அன்று சமோலி மாவட்டத்தில் ரோண்டி சிகரத்தின் பக்கவாட்டிலிருந்து பெயர்ந்து ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் பாய்ந்ததில் பெரும்பகுதி பாறை, ஐந்தில் ஒரு பங்குதான் பனிக்கட்டி. 2022 அக்டோபர் 4 அன்று கார்வாலில் திரௌபதி கா டண்டா 2 சிகரத்துக்கு அருகே, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழுவை வாரிக்கொண்டு போய்ப் பனிப்பிளவுக்குள் தள்ளியது மேற்சாய்விலிருந்து வந்த பனி. அப்போது 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்டும் மகாலுவும் ஏறித் திரும்பியிருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களில் ஒருவர். மூன்றையும் நம் செய்திகள் பனிச்சரிவு என்றோ பனிப்பாறை உடைந்தது என்றோ எழுதின.

பொதுவாசகருக்கு அது போதும். மலையேறுகிறவருக்குப் போதாது. பனிக்கட்டிச் சுவரை யாரும் கிளப்புவதில்லை, அது தன் கணக்கில் இடிகிறது. அதன் கீழே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதை மட்டும்தான் நாம் குறைக்க முடியும், எனவே விரைந்து கடக்க வேண்டும். ஆனால் புதுப்பனி படிந்த சாய்வில் ஏறும்போது, சரிவைக் கிளப்பும் பாரம் பெரும்பாலும் நாமேதான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மலைக்குப் பொழுதுபோக்காகப் போய் இறந்தவர்களின் விபத்துகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் சரிவைக் கிளப்பியவர் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான். இந்த வகையில் விரைவு காப்பாற்றாது. ஒவ்வொருவராகக் கடப்பது, இடைவெளி விடுவது, தேவையானால் திரும்பி விடுவது, இவைதான் காப்பாற்றும். ஒன்றில் ‘ஓடு’, மற்றொன்றில் ‘கால் வைக்காதே’. இந்த வேறுபாட்டைப் பெயரே சொல்லிவிட்டால் பாதி பாடம் நடந்த மாதிரி.

நாம் கிளப்பும் இந்த வகையைத்தான் ‘பாளச்சரிவு’ என்று முன்மொழிகிறேன்.

அது எப்படி நடக்கிறது என்று சொன்னால் சொல்லின் பொருத்தம் தெரியும். பனி ஒரே மழையாகக் கொட்டி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி, முகட்டைத் தாண்டி மறைவுப் பக்கத்தில் இறுக்கமாக அடுக்குகிறது. இப்படி இறுகிய மேல்படிவுக்குக் கீழே, பிடிப்பே இல்லாத ஓர் அடுக்கு புதைந்திருக்கலாம். தரைப்பக்கம் வெப்பநிலை சுழிய டிகிரியை ஒட்டியும் மேலே கடுங்குளிராகவும் இருக்கும்போது நீராவி பனிக்குள் மேல்நோக்கி நகர்கிறது. அதனால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, முனை கூர்ந்த மணிகளாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளினால் பொலபொலவென்று வழியும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த நிலத்தில் மேலே இறுகிய படிவும் கீழே இந்த மணிகளும் சேர்ந்துவிட்டால், ஒருவர் கால் வைக்கும் பாரமே போதும். மணியடுக்கு நொறுங்குகிறது, நொறுங்கல் பக்கவாட்டில் நொடியில் பரவுகிறது, மேலே ஒரு நீண்ட கோடாக விரிசல் விழுகிறது. நமக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் முழுப் படிவும் துண்டுகளாகப் பிளந்து கிளம்புகிறது. 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் என்று சிறியதாகவே வைத்துக்கொண்டாலும் 1,250 கன மீட்டர். காற்றில் இறுகிய பனி கன மீட்டருக்கு 200 கிலோ என்றால் 250 டன்.

இப்போது பாளம். ஏரி வற்றினால் தரை பாளம் பாளமாக வெடிக்கிறது என்கிறோம். உருக்கிய உலோகத்தை வார்த்தாலும் பாளம்தான். தடிமன், இறுக்கம், உடைந்தால் பெரிய பெரிய துண்டாகப் பெயர்வது, மூன்றும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. நாம் விளக்கம் சேர்க்க வேண்டியதில்லை.

வந்த மாற்றுக் கருத்துகளுக்கு என் பதில்.

> ‘பலகைச் சரிவு’ என்று வைக்கலாமே, ஜெர்மன் மொழியில் அப்படித்தானே இருக்கிறது?

ஆம், ஜெர்மன்காரர்கள் பனிப்பலகை என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். ஆனால் நம் காதில் பலகை என்றால் முழுசாக இருக்கும் மரம், கால் வைத்தால் தாங்கும் பொருள். தாங்கும் என்ற எண்ணம்தான் இங்கே ஆளைக் கொல்லும்.

> ‘அடுக்குச் சரிவு’ இன்னும் எளிது.

எளிதுதான். ஆனால் அடுக்கு என்பதைக் கீழே புதைந்திருக்கும் அந்தப் பிடிப்பற்ற மணிகளுக்கு எடுத்து வைக்க விரும்புகிறேன். அதற்கு என் முன்மொழிவு ‘நொய்யடுக்கு’. நொய் என்றால் வலுவற்றது என்றும் பொருள், உடைந்த குருணை அரிசி என்றும் பொருள். அந்தப் பனி இரண்டுமாகவே இருக்கிறது. நொய்யரிசி மேல் வைத்த தாம்பாளம் தட்டினால் நகர்கிற மாதிரி, நொய்யடுக்கின் மேல் பாளம் நகர்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் கரும்பலகையே வேண்டாம்.

> பனிப்பாளம், பனிப்பாலம் இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிடும். இது ஆபத்து.

வந்த மறுப்புகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். பனிப்பிளவின் மேல் பனி மூடி இயற்கையாக அமையும் பாதையைப் பனிப்பாலம் என்று ஏற்கெனவே பட்டியலில் ஏற்றிவிட்டோம். ல, ள வேறுபாடு பேச்சில் பலருக்கும் மங்கிவிட்டது. காற்று இரைச்சலில், முகத்தை மூடிய துணிக்குள்ளிருந்து, வாக்கி டாக்கியில் கத்தும்போது எவருக்கும் மங்கும். “முன்னால் பனிப்பாளம்” என்று ஒருவர் எச்சரிக்க, பின்னால் வருகிறவர் பாலம் இருக்கிறது, வரலாம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே பனிப்பாளம் என்ற வடிவத்தைக் கையேட்டில் எங்கும் பயன்படுத்த வேண்டாம். படிவுக்குப் ‘பாளப்பனி’, நிகழ்வுக்குப் ‘பாளச்சரிவு’. பாளம் எப்போதும் முன்னால், பாலம் எப்போதும் பின்னால். முதல் அசையிலேயே காது பிரித்துவிடும். பாலத்துக்குப் ‘பிளவுப்பாலம்’ என்று மாற்றினால் இன்னும் நல்லது, அதற்கும் ஒப்புதல் கேட்கிறேன்.

மற்ற வகைகளுக்கும் பெயர் வேண்டும். ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே போகப் போக விரிந்துகொண்டு வரும், ஒட்டாத பனியின் சரிவு ‘உதிர்சரிவு’. வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘உதிர்ச்சரிவு’ என்று திருத்தியிருப்பவர் கவனிக்கவும். பனிக்கட்டிச் சுவர் விழுவதற்குப் ‘பனியிடிவு’. கிணறும் சுவரும் இடிகின்றன என்று எல்லோரும் சொல்கிறோம், புரியாமல் போகாது. பாறையும் பனிக்கட்டியும் கலந்து வருவதை மலைச்சரிவு என்ற பொதுப்பெயரில் விடலாம், ஏறுகிறவர் அதைப் பற்றிச் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அப்புறம், ஓர் ஒலி. பாளப்பனியில் நடக்கும்போது சில நேரம் காலடியில் ‘தொம்’ என்று அமுங்கும் சத்தம் கேட்கும், சுற்றிலும் பனி லேசாக இறங்கும். நொய்யடுக்கு நொறுங்கிவிட்டது என்று மலையே சொல்வது அது. சாய்வு போதாததால்தான் அந்த இடம் கிளம்பவில்லை. பக்கத்துச் செங்குத்துச் சாய்வு கிளம்பலாம். இதற்கு ‘அமுங்கொலி’ என்று வரைவில் போட்டிருக்கிறேன். ‘தொம்மொலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவே நன்றாக இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது, கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காணலாம். காலிலிருந்து விரிசல் கோடு ஓடுவதும், அருகில் புதிதாகச் சரிந்த தடம் இருப்பதும், ஒரே இரவில் நிறையப் பனி கொட்டியிருப்பதும் இதே வரிசையில் வரும் அறிகுறிகள்.

கடைசியாக, எச்சரிக்கை அறிக்கை. சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் உத்தரகாசி, சமோலி, பித்தோராகர் போன்ற மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஆபத்து ஐந்து நிலைகளாக வருகிறது. நம் வரைவில் மூன்றாம் நிலைக்குக் ‘கணிசமான ஆபத்து’ என்று இருக்கிறது. ஐந்துக்கு மூன்று, கணிசம், சரி, பார்த்துப் போகலாம் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். ஆனால் சில சாய்வுகளில் ஒரே ஓர் ஆள் பாரத்திலேயே பாளச்சரிவு கிளம்பக்கூடும் என்பதுதான் அந்த நிலையின் பொருள். வெளிநாடுகளில் மிகுதியான உயிரிழப்பு பதிவாவதும் இந்த மூன்றாம் நிலையில்தான், நான்கிலும் ஐந்திலும் ஆட்கள் மலைக்குப் போவதே குறைவு. எனவே இங்கே அளவைச் சொல்லும் சொல்லை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்வோம்: “நிலை 3: ஆள் பாரத்தில் கிளம்பலாம்.” குளிர்காலத்தில் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகும் தமிழ்நாட்டு இளைஞர்கள் இப்போது நிறைய. அவர்களில் பலர் பயிற்சி எடுத்தவர்கள் அல்லர். அவர்கள் வாசிக்கப்போவது இந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

புதைந்தவரைத் தேடும் மூன்று கருவிகளில் துழாவுகோலும் பனிவாரியும் முடிவாகிவிட்டன. 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவிக்கு ‘பீக்கன்’ இருக்கட்டும் என்பது என் கருத்து. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். அந்த நேரத்தில் எல்லோர் வாயிலும் வரும் சொல்தான் கையேட்டிலும் இருக்க வேண்டும்.

குழுவிலுள்ள ஈழத்து நண்பர்களுக்கு ஒரு கேள்வி. பாளம் பாளமாக வெடித்தல் என்ற வழக்கு உங்கள் பக்கம் உண்டா, நொய் என்றால் குருணை நினைவுக்கு வருமா? இல்லையென்றால் உங்கள் வழக்கில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் நான்காம் இயலைத் திருத்தத் தொடங்குவேன்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்பாளர்