கோவையில் டிஜே, தொகுப்பாளர் சேவைக்குக் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒலி ஒளி அமைப்பாளர் ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் நாள்கூலிக்கு டிஜேவாக இருந்துவிட்டு, இந்த ஆண்டு கோயம்புத்தூரில் சொந்தக் கருவிகளோடு தொழில் தொடங்கியிருக்கிறேன். என் தங்கை தொகுப்பாளர். வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு இருவருமாகச் சேர்ந்து 15,000 ரூபாய் வாங்குகிறோம்.

சென்ற மாதம் அவிநாசி சாலையில் ஒரு மண்டபத்தில், ஏழு மணி முதல் பத்து மணி வரை என்று பேசியிருந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கே குட்டியானையில் வந்து பெட்டிகளை இறக்கி, ஐந்து மணிக்குள் ஒலியைச் சரிபார்த்து முடித்துவிட்டோம். மணமக்கள் மேடைக்கு வந்தபோது மணி எட்டேகால். படமெடுத்துக்கொள்ள நின்ற வரிசை ஒன்பதரை வரைக்கும் குறையவில்லை. அதன் பிறகுதான் ஆடுவதற்கு இடம் கிடைத்தது. பத்து மணிக்கு மண்டப மேலாளர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கணக்கு முடிக்கும்போது பெண்ணின் தந்தை, "அரை மணி நேரம்தானே பாட்டுப் போட்டீர்கள்" என்று கேட்டு 3,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நாங்கள் மணிக்கணக்கில் பேசியதால் அவரும் மணிக்கணக்கில் கழித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணிக்கு இவ்வளவு என்று வைப்பது சரியா? டிஜேவுக்கும் தொகுப்பாளருக்கும் தனித்தனியாகக் கேட்கலாமா? 8,000 ரூபாய்க்கே செய்து தருகிறோம் என்பவர்கள் இருக்கும் ஊரில், எந்த நியாயத்தைச் சொல்லி விலையை உயர்த்துவது?

மறுமொழி 1: மைக் செட் தொழிலில் இருப்பவர்

தம்பி, இந்தத் தொழிலில் விலைபோவது தேதிதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் குறைவு. மற்ற மாதங்களிலும் முகூர்த்தங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில் ஊரில் எல்லா மண்டபங்களும் நிரம்பியிருந்தாலும், உங்களால் போக முடிவது ஒரே ஒரு மண்டபத்துக்கு. ஒருவருக்கு அந்தத் தேதியைக் கொடுத்துவிட்டால், நீங்கள் அரை மணி நேரம் வாசித்தாலும் மூன்று மணி நேரம் வாசித்தாலும் அன்றைய வருமானம் அவ்வளவுதான். ஆகையால் மணிக்கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். பாடல்களைக் கலந்து மாற்றும் கன்ட்ரோலர், ஒலியைச் சீராக்கும் மிக்சர், டாப் இரண்டும் பேஸ் இரண்டுமாக ஒலிபெருக்கிப் பெட்டிகள், கம்பியில்லா மைக், மேடைக்கான பார் விளக்குகள் எல்லாம் சேர்த்து நான்கரை லட்சம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் அதை மீட்க வேண்டுமானால் ஆண்டுக்கு 90,000. பழுது, கேபிள், மடிக்கணினி, பாடல் சந்தா ஆகியவற்றுக்கு 30,000. ஆண்டுக்கு நாற்பது தேதிகள் நிரம்பினால், தேதிக்கு 3,000 கருவிக்கே போகிறது. வண்டிக்கு 2,500, உதவியாட்கள் இருவருக்கு 2,000 சேர்த்தால், உங்கள் கைக்கு எதுவும் வருவதற்கு முன்பே 7,500 ரூபாய் போய்விட்டது. மீதி 7,500 ரூபாயை நாற்பதால் பெருக்கினால் மூன்று லட்சம். அதை அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் 12,500 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்த பிறகும் உங்களுக்கு 15,000 சரி என்று தோன்றாது.

8,000 ரூபாய்க்காரர் பெரும்பாலும் கன்ட்ரோலரும் மடிக்கணினியும் மட்டும் கொண்டுவந்து, மண்டபத்தின் பெட்டியிலேயே இணைத்து வாசிப்பவர். அதுவும் நேர்மையான தொழில்தான், ஆனால் வேறு சரக்கு. வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பேசினால், அந்த விலையில் எத்தனை பெட்டி, எத்தனை விளக்கு, மைக் உண்டா என்று விசாரித்துவரச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: பெண் தொகுப்பாளர்

தங்கையின் கட்டணத்தை உங்கள் கட்டணத்துக்குள் புதைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டிஜே எடுத்தால் தொகுப்பாளர் இலவசம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த வேலைக்கு விலையே இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மைக்கைப் பிடிக்கும் நேரத்தை விட, அதற்கு முன் செய்யும் வேலைதான் அதிகம். இரு வீட்டாரிடமும் பேசி, யாருக்கு யார் என்ன முறை, யாரை முதலில் மேடைக்கு அழைக்க வேண்டும், எந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று எழுதி வாங்க எனக்குக் குறைந்தது ஒரு மாலையாவது ஆகும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், மாப்பிள்ளையின் பெரியப்பாவைச் சித்தப்பா என்று அழைத்துவிட்டேன். அவர் மேடைப் படிவரை வந்து, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைச் சமாதானப்படுத்தவே அன்றைய மாலை சரியாகப் போயிற்று. அன்றிலிருந்து முறைப் பட்டியல் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை, அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் கட்டணம் சொல்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்ததிலும் தொகுப்பாளருக்கு வேலை இருந்தது. ஒன்பது மணிக்கு வரிசையைச் சற்று நிறுத்தி, நண்பர்களை ஆட அழைத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் படமெடுப்பைத் தொடரலாம் என்று புகைப்படக்காரரிடம் முன்பே பேசிவைத்திருக்கலாம். இருவரையும் சேர்த்து எடுப்பவர்களுக்குச் சிறிது குறைத்துக் கொடுங்கள். வண்டிச் செலவு ஒன்றுதானே. ஆனால் விலைப்பட்டியலில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

மறுமொழி 3: நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்

எழுத்தில் இருக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்குகளுக்கு விலக்கு இருந்தாலும், மண்டபத்தார் பெரும்பாலும் பத்து மணிக்கே நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே "மணமக்கள் தாமதமாக வந்தாலும் முடியும் நேரம் மாறாது, கட்டணமும் மாறாது" என்ற வரி அவசியம். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே தேதியை உறுதி செய்யுங்கள். மீதியை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட்டால், இரவில் பேரம் பேச இடமிருக்காது.

திருமணத்தையொட்டிய நிகழ்ச்சிகளில் பாடல் ஒலிக்க உரிமத் தொகை தேவையில்லை என்பதை மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் தெளிவுபடுத்தியது. நிறுவனங்களின் குடும்ப விழாவுக்கும் புத்தாண்டு இரவுக்கும் அந்த விலக்கு கிடையாது. அங்கே உரிமம் எடுப்பது யார் பொறுப்பு என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் ஜிஎஸ்டி ரசீது கேட்பதுண்டு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் போட்டுக்காட்டிய கணக்கை என் எண்களை வைத்து நேற்றிரவு தங்கையோடு உட்கார்ந்து போட்டேன். எங்களுக்குக் கிடைத்த தேதிகள் நாற்பதுகூட இல்லை, முப்பத்திரண்டுதான். ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து கேட்டிருப்பவருக்கு, ஒலி ஒளியோடு டிஜேவுக்கு 18,000, தொகுப்பாளருக்கு 8,000, ஊர் தாண்டிய வண்டிச் செலவு தனி என்று இன்று காலை எழுதி அனுப்பியிருக்கிறேன். முறைப் பட்டியலுக்காக இரு வீட்டாரையும் சந்திக்க ஒரு மாலை வேண்டும் என்ற வரியைத் தங்கை தன் கையாலேயே சேர்த்தாள்.