புதுப்பிப்பு: கோடு நீண்டால் கோணம் பெரிதா?

தரம் 4 பிள்ளைகள், கோணத்தின் புயங்கள் (அதை ஆக்கும் இரண்டு கோடுகள்) நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்கிறார்கள், எப்படித் திருத்துவது என்று இரண்டு கிழமைக்கு முதல் கேட்டிருந்தேன். பலர் பாகைமானியைக் கொடுக்கச் சொன்னீர்கள். அதற்கு முதல் ஈர்க்கில் செய்து பார்த்தேன்.

இரண்டு ஈர்க்குத் துண்டுகளை ஒரு நுனியில் நூலால் இறுக்கிக் கட்டினோம். ஒரு சிறுமி விரித்து அசையாமல் பிடித்தாள். நான் இரண்டு புயங்களையும் பாதியாக வெட்டினேன். "கோணம் குறைஞ்சிட்டுதா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவளே, "இல்லை ரீச்சர், வாய் முந்தின மாதிரித்தான் திறந்திருக்கு" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோசம். இப்போது வகுப்பு முழுக்க "வாய்" என்றுதான் சொல்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

செங்கோணத்துக்கு, கடதாசியை இரண்டு தரம் மடித்தெடுத்த மூலை போதும். அதைவிட ஒடுங்கினால் கூர்ங்கோணம், விரிந்தால் விரிகோணம்.

சரி, பல்கோணிகள். முக்கோணி, ஐங்கோணி, அறுகோணியில் சிக்கலில்லை, பக்கத்தை எண்ணிவிடுகிறார்கள். சதுரத்தை மூலையில் நிறுத்திக் காட்டியதும்தான் "இது பட்டம், சதுரமில்லை" என்றார்கள். மடித்த கடதாசியை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார்கள். நான்கும் அச்சொட்டாகப் பொருந்தின. இருந்தும் இருவர் இன்னும் பட்டம் என்றே நிற்கிறார்கள். திங்கட்கிழமை அவர்கள் கையிலேயே சதுரத்தைக் கொடுத்துத் திருப்பச் சொல்லப்போகிறேன்.