ஆசிரியர் மனஅழுத்தம்: எங்கட பக்கத்து அனுபவங்கள்

படுவான்கரைக்குப் போய்வரும் ரீச்சர்:

படிப்பிக்கிறது எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. வரவு இடாப்பில் 7.30க்கு விழும் சிவப்புக் கோடுதான் பாரம்; அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்கும் பாடு தீர்ந்தது உண்மைதான். ஆனால் கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளே போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தலையிடி. பிள்ளையை அரைவயிற்றோடு விட்டுவிட்டு ஓடிவந்து, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வகுப்புக்குள் போனால் குரலிலேயே பதற்றம் தெரியும்.

பிறகு புதிய அதிபர் ஒருவர் வந்தார். வந்ததும் நேரசூசியைத்தான் கையில் எடுத்தார். ஊருக்குள் இருக்கிற ஆசிரியர்களைக் கூப்பிட்டு, "முதலாம் பாடவேளைய நீங்க எடுங்க, கடைசிப் பாடத்த தூரத்து ஆக்களுக்குக் குடுப்பம்" என்றார். அவர்களுக்கும் அது வசதி, பகலோடு வயல் பார்க்கப் போகலாம். கையெழுத்து நேரம் மாறவில்லை, அது அவர் கையில் இல்லை. ஆனால் பஸ் பிந்தினாலும் ஒரு வகுப்பு ஆளில்லாமல் இருக்குமே என்ற பதைப்பு போய்விட்டது. என்னை நம்புகிற ஒருவருக்காக வேலை செய்வது வேறு மாதிரித்தான் இருக்கிறது. கேட்காமலே பின்னேர வகுப்பு வைக்கத் தொடங்கினேன்.

எல்லைக் கிராமத்துக் கணித ஆசிரியர்:

நீங்கள் சொன்ன நம்பிக்கைதான் எங்களுக்குக் கிடைப்பதில்லை, ரீச்சர். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கூட்டம் வைத்துச் சித்தி வீதத்தை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். குறைந்ததற்குக் காரணம் எழுத ஒரு படிவம். அந்தக் கட்டத்துக்குள் இரண்டு வரிதான் கொள்ளும். பெரும்போக வெள்ளாண்மைக்கு யானைக்காவல் இருந்துவிட்டு விடியப் பள்ளிக்கு வருகிற பொடியனை அந்த இரண்டு வரிக்குள் எப்படி எழுதுவது? கொப்பியில் பாதிச் சமன்பாட்டோடு பேனை இழுபட்டுப் போயிருக்கும், அவன் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். எழுப்ப மனம் வராது. இடைவேளையில் தானாக எழும்பி வந்து "சேர், மிச்சத்தச் சொல்லித் தாங்க" என்பான். அவனுக்காகத்தான் இன்னும் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கவில்லை.

திருக்கோவில் பக்கம், ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

மனஅழுத்தத்தைக் குறைக்கவென்று எங்களுக்கு ஒரு செயலமர்வு வைத்தார்கள், அதுவும் சனிக்கிழமையில். வீட்டு வேலை பார்க்கக் கிடைக்கிற நாளும் போய்விட்டது. மூச்சுப்பயிற்சி சொல்லித் தந்தவர் நல்ல மனுசர். இப்போதும் செய்கிறேன், பலன் இருக்கிறது. ஆனால் என் நித்திரையைக் கெடுப்பது கடன். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தினோம், ஒக்டோபர் வரை நின்றோம். 2022 ஜனவரியில் ஒரு பகுதி உயர்வு கிடைத்தது. அதே வருசம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். கிடைத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. வங்கிக் கடன் கழித்துக் கைக்கு வருகிறதில் மாதக் கடைசியைப் பிடிக்க முடியாத ஆசிரியரிடம் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதைச் சொன்னால் "பணத்துக்கா படிப்பிக்கிறீங்க" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வலி.

படுவான்கரைக்குப் போய்வரும் ரீச்சர்:

தங்கச்சி, உங்கட பாடசாலையில் ஆசிரியர் நலன்புரிச் சங்கம் இயங்குதா? எங்கடயில் மாதாமாதம் சேர்க்கிற காசிலிருந்து வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுக்கிறோம். யார் எடுத்தார் என்பது பொருளாளருக்கு மட்டுந்தான் தெரியும். கடன் முழுக்கத் தீராது, ஆனால் நகையை அடகு வைக்காமல் அந்த மாதத்தைத் தாண்டலாம். சங்கத்தின் யாப்பு, அதாவது விதிமுறை, என்னிடம் இருக்கிறது, தேவையென்றால் சொல்லுங்க, அனுப்பிவிடுகிறேன்.