புதுப்பிப்பு: ட்ரையல்ஸ் பைக்கின் பின் ஷொக் மாற்றியாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: என் பழைய யமஹா டிவை 175 (பாறை, கல் மேல் ஏறி ஓட்டுகிற ட்ரையல்ஸ் பைக்) கல்லில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் துள்ளுகிறது, கோளாறு ஸ்பிரிங்கிலா, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷொக்கிலா என்று. ஷொக்தான்.

சீட்டை அழுத்திவிட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணைக்கு நன்றி. கையை எடுத்ததும் சட்டென்று எழும்பி, இன்னும் இரண்டு தடவை ஆடியது. கழற்றிப் பார்த்தால் இடப்பக்க ஷொக்கின் தண்டு முழுக்க ஒயில், நடுவில் துருக்குழி. வாய் மடித்து மூடிய வகை, சீல் மாற்ற வழியில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் அரை நாள் அலைந்தேன். பழையதைக் கையோடு கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. "இது பொருந்தும் தம்பி" என்று முதலில் தந்த சோடி 2 சென்ரிமீற்றர் நீளம். பூட்டலாம்தான், ஆனால் பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, இறக்கத்தில் ஹாண்டில் பதறும். ஸ்பிரிங்கும் இரண்டு பேரைச் சுமக்கிற கடினம். 100 கிலோவுக்கும் குறைந்த பைக்கில் நின்றுகொண்டே ஓட்டுகிறோம், ரயர் கல்லோடு ஒட்டியிருக்க மென்மையான ஸ்பிரிங்தான் வேண்டும்.

கடைசியில் பழையதின் அதே நீளத்தில், மென்மையான ஸ்பிரிங்கோடு ஒரு சோடி கிடைத்தது. ஷொக்கைப் பூட்டுகிற புஷ் துளை மட்டும் சிறிது, லேத்தில் சரிசெய்தோம். வலது பக்கம் ஒழுகவில்லை என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் முறுகும்.

ஃபுட்பெக்கில் (கால் வைக்கிற மிதியில்) நின்றால் இப்போது பின்பக்கம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அவிசாவளைப் பக்கம், முன்பு துள்ளிய அதே பாறையில் ஏற்றினேன். பின் ரயர் துள்ளவே இல்லை.