குளிர்காலத்துக்கு முன் காய்கறிப் பாத்திக்கு எரு இடலாமா?

கேள்வி: புதுப்பாத்தி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு காய்கறிப் பாத்திகள் உள்ளன. இரண்டு களிமண், இரண்டு மணற்பாங்கானவை. இந்தப் பருவத்து விளைச்சல் முடிந்துவிட்டது, ஒரு மாதத்தில் உறைபனி தொடங்கிவிடும். மாட்டுச்சாணமும் வைக்கோலும் கலந்த எரு ஒரு வண்டி கிடைத்திருக்கிறது. அதில் பாதி கருத்து உதிரியாக உள்ளது. மீதி ஈரமாகவும் நெடியோடும் இருக்கிறது. எல்லாவற்றையும் இப்போதே பரப்பிக் கொத்திவிட்டால், குளிர்காலம் முழுவதும் கிடந்து மக்கி, வசந்தகால நடவுக்கு மண் தயாராகிவிடும் அல்லவா? முட்டைக்கோஸ், பூசணி, கேரட், கீரை ஆகியவற்றைப் போட எண்ணியிருக்கிறேன்.

மறுமொழி: மண்வெட்டி

பாதி சரி, பாதி சரியில்லை என்பேன். உதிரியாக உள்ள மக்கிய எருவைக் களிமண் பாத்திகளில் இப்போதே இடுங்கள். களிமண்ணில் உள்ள நீர் உறைந்து விரிவதும் உருகுவதுமாக இருக்கும்போது கட்டிகள் தாமாக உடைகின்றன. அந்த இடுக்குகளில் மண்புழுக்கள் எருவை உள்ளே இழுத்துச் செல்வதால், வசந்தத்தில் மண் பொலபொலப்பாகிவிடும். ஒரு சதுர மீட்டருக்குப் 10 லிட்டர் வாளியால் இரண்டு வாளி பரப்பினால் 2 செ.மீ. கனம் வரும், அதுவே போதும்.

மணற்பாங்கான பாத்திகளை மட்டும் வசந்தம் வரை விட்டுவையுங்கள். எருவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) முதலில் அம்மோனியமாகவும், பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியம் நேர்மின் தன்மை உடையதாகையால் களித்துகள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை மண் பெரும்பாலும் பிடித்து வைக்காது. மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இந்த மாற்றம் மிகவும் மந்தமாகிவிடும். ஆனால் உங்கள் மண் இன்னும் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்காது. இப்போது இட்டால், குடிக்க வேர் இல்லாத நேரத்தில் நைட்ரேட் உருவாகி, மழையோடு கீழிறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். இப்போதைக்கு அந்தப் பாத்திகளை வைக்கோல் மூடாக்கால் மூடி வையுங்கள்; உறைபனிக்கு முன் முளைத்து வேர்விட நாள் இருந்தால், மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிராக ரை (rye) என்னும் தானியத்தை விதைப்பது இன்னும் நல்லது.

நிலம் உறைந்த பிறகு மட்டும் எந்த எருவையும் மேலே கொட்டாதீர்கள். அது மண்ணுக்குள் இறங்காமல், பனி உருகும்போது ஓடைக்குத்தான் போகும்.

மறுமொழி: வேரும் கிழங்கும்

நெடி அடிக்கும் பாதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பச்சை எருவில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். கீரையையும் கேரட்டையும் பச்சையாக உண்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளின்படி, பச்சை எரு இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே, மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு 120 நாளும், தொடாதவற்றுக்கு 90 நாளும் இருக்க வேண்டும். குளிர்ந்த மண்ணில் கிருமிகள் நீண்ட நாள் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், நான் அதைவிடக் கூடுதலாகவே காத்திருப்பேன்.

ஆகவே அந்தப் பாதியை ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமும் அகலமும் உள்ள குவியலாக்கி, மழை படாமல் மூடி வையுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் கிருமிகளும் பெரும்பாலான களைவிதைகளும் மடியும்; வெளிப்புறத்தில் உள்ளது உள்ளே போகும்படி சில முறை புரட்டிவிடுவது அவசியம். கேரட்டுக்கென ஒதுக்கும் பாத்தியில் இந்த ஆண்டு எரு எதுவும் வேண்டாம், ஏனெனில் எருச்சத்து மிகுந்த மண்ணில் கிழங்கு கிளைத்து, மயிர்வேர் விட்டுப் போகும். முட்டைக்கோஸும் பூசணியும் நிறைய எருவைத் தாங்கும்.

மறுமொழி: இலைச்சுருள்

இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். அந்த மாடுகள் தின்ற புல்லுக்கு அமினோபைராலிட் வகைக் களைக்கொல்லி தெளித்திருந்தால், அது மாட்டின் வயிற்றைக் கடந்தும் சிதையாமல் சாணத்தில் தங்கிவிடும். ஒரு வருடம் இதை அறியாமல் எருவிட்டு, என் தக்காளிச் செடிகளின் கொழுந்துகள் அனைத்தும் பெரணி இலை போலச் சுருண்டதைப் பார்த்துக் கலங்கிப்போனேன். நன்றாக மக்கிய எரு என்பதாலேயே இந்த ஆபத்து நீங்கிவிடாது. எருவைக் கலந்த மண்ணில் மூன்று தொட்டியும், கலக்காத மண்ணில் மூன்று தொட்டியும் வைத்து, பீன்ஸ் விதை ஊன்றி, வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் மூன்று வாரம் கவனியுங்கள். எருவுள்ள தொட்டிகளில் மட்டும் புதிய இலைகள் சுருண்டால் அந்த எருவைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

புதுப்பாத்தி

மிக்க நன்றி. புல்லுக்கு மருந்து தெளித்தார்களா என்பது எரு கொடுத்தவருக்கும் தெரியவில்லை. இன்றே பீன்ஸ் ஊன்றிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் களிமண்ணில் பரப்ப நேரம் இருக்குமா?

மண்வெட்டி

நிலம் உறையாதவரை இருக்கிறது. மக்கிய எருவாகையால் ஆழமாகக் கொத்தவும் தேவையில்லை. மேலே பரப்பி, தோட்டத்து முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டால் போதும். அதுவரை இரண்டு குவியல்களையும் தனித்தனியாக மூடி வையுங்கள்.