திருச்சி பயணம்: 26 கிலோ பெட்டி, விமானத்தில் 20 கிலோவுக்குத்தான் பணம் கட்டியிருக்கிறேன்

கேள்வி (பிரிக்பீல்ட்ஸிலிருந்து):
அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து திருச்சி, தங்கை கல்யாணம். மைலோ பானப்பொடி, பிஸ்கட் டின், தைலம் என்று அம்மா கட்டிவிட்டார். போன தடவை விமான நிலையக் கவுண்டரில் பெட்டியைத் திறந்து, அவர் புடவைகளை எல்லார் முன்னாலும் தரையில் பரப்ப வேண்டியதாயிற்று. அம்மா கண் கலங்கியது இன்னும் மறக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
இன்றைக்கே இணையத்தில் எடை அளவைக் கூட்டி வாங்கிவிடுங்கள் அண்ணா. கவுண்டரில் கிலோ கணக்கில் போட்டால் நிறைய ஆகும்.

பதில்:
ஆமாம். அப்புறம், ஒரே பெட்டியில் 32 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். தூக்குகிறவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. தைலத்தைக் கைப்பையில் வைத்தால் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது.

கேட்டவர்:
30 கிலோவாக மாற்றிவிட்டேன். அம்மா மறுபடி மைலோவைத் தூக்கி வைக்கிறார். சரி, வைக்கட்டும்.