இளைஞர்கள் மனசு மாறணுமா, கிராம சபை மாறணுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் வார்டில் போன வாரம் நடந்த கிராம சபையில் முக்கால்வாசிப் பேர் குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்கள், மிச்சம் என்னைப் போல வயசானவர்கள். இளவட்டம் ஒருத்தர்கூட இல்லை. நாடு உருப்படாது என்று தினமும் ஸ்டேட்டஸ் போடுகிற பையன்கள், நம்ம தெருவுக்கு எந்த வேலை, யாருக்கு வீடு என்று பேசுகிற இடத்துக்கு மட்டும் வருவதில்லை. 1996-ல் உள்ளூர் வேலைகளை ஊர் மக்களே திட்டமிடுகிற மக்கள் திட்டம் கேரளத்தில் வந்தபோது அரசின் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவானது. இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்திருந்தால் நாடு எப்படி முன்னேறும்? மாற வேண்டியது அந்த மனசுதான்.

எருத்தேம்பதி தம்பி: அண்ணா, கூட்டம் வச்சது புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் கோயம்புத்தூரில் லேத் முன்னால் நிற்கிறேன், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அப்படியும் முந்தின கூட்டத்துக்கு லீவு போட்டு வந்து குடிதண்ணீர் குழாயைப் பற்றிக் கேட்டேன், "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று பயனாளிகள் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பை, மலையாளத்தில் கடகடவென்று வாசித்தார்கள், பக்கத்தில் இருந்த என் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார். இதில் யார் மனசு மாறணும்?

சித்தூர் டீச்சர்: தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் பிளாச்சிமடை நம்ம பக்கத்து ஊர்தானே. 2000-ல் கோகோ கோலா ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்த அந்த ஊரின் பெருமாட்டி பஞ்சாயத்தே, 2003-ல் புதுப்பிக்க முடியாது என்றது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று மயிலம்மாவும் மற்றப் பழங்குடிப் பெண்களும் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்காராமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? கூலி வேலைக்குப் போனால்தான் அவர்களுக்கும் அடுப்பு எரியும்.

எருத்தேம்பதி தம்பி: டீச்சர், அவங்க உட்கார்ந்தது தெருவில், கிராம சபையில் இல்லை. அப்புறம் என்ன கிடைத்தது? 2004-ல் ஆலை நின்றது, சரி. ஆலையால் வந்த இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-ல் அரசு அமைத்த கமிட்டி கணக்குச் சொன்னது, நஷ்டஈடு வாங்கித் தர 2011-ல் சட்டசபை நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதலே கிடைக்கவில்லை. இதைப் பார்த்து வளர்ந்த பையனிடம் நம்பிக்கை வை என்றால் எப்படி வைப்பான்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: நஷ்டஈடு வரவில்லை என்பது எனக்கும் ஆறாத கோபம்தான். ஆனாலும் அந்த மண்ணிலிருந்து தண்ணீர் உறிஞ்சுவது நின்றதே தம்பி, அது சின்ன விஷயமா? வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் எழுதிக் கொடுத்தால் சிறப்புக் கிராம சபை கூட்டணும் என்று சட்டத்திலேயே இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லிக் கேட்போம், கையெழுத்து வாங்க வருகிறாயா?

எருத்தேம்பதி தம்பி: வருகிறேன். ஆனால் குழாய் விஷயம் அஜெண்டாவில் முதலில் இருக்கணும், மினிட்ஸைத் தமிழிலும் வாசிக்கணும். மனுவைத் தமிழிலேயே எழுதுங்க, கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலிருந்தே இங்கே இருக்கிற தமிழர்களான நமக்கு அந்த உரிமை இருக்கு.